பணத்தை எண்ணியவர் சீருடையில் இருந்தார்

எந்த நாடு, எந்த விமான நிலையம் என்று இதில் எழுதப் போவதில்லை. விமான நிலையச் சோதனையில் என் பணம் குறைந்தது பற்றிய புகார் இன்னும் முடியவில்லை, அதோடு என் கையில் இருப்பது சந்தேகம்தான், ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது, எப்படி வலுத்தது என்று எழுதலாம். வெளிநாட்டில் பணம் பறிகொடுத்தவர்கள் அதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எடுத்தவர் அரசு ஊழியராக இருக்குமோ என்று தோன்றியவர்கள் மட்டும் வாயை மூடிக்கொள்வார்கள், ஏனென்றால் "நீ எங்கேயாவது தொலைச்சிருப்பே" என்பதுதான் முதலில் வரும் பதில்.

அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் நாள், இரவு விமானம். கைப்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார், அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு "கரன்சி? டாலர்?" என்றார். கத்தி இருக்கிறதா, பவர் பேங்க் இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பணம். அந்தத் திரைகளில் காகிதம், துணி, உணவு மாதிரியான பொருட்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலமாகத் தெரியும். நோட்டுக்கட்டு அடர்ந்த ஆரஞ்சுப் பட்டையாக விழும், பழகிய கண்ணுக்கு அது போதும். பாதுகாப்புச் சோதனை என்பது விமானத்துக்கு ஆபத்தான பொருளைத் தேடுவதற்கு. நோட்டால் எந்த விமானமும் விழுந்ததில்லை.

பக்கவாட்டில் திரைச்சீலை போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே இரண்டு பேர், இருவரும் சீருடையில். ஒருவர் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு எங்கே தங்கினாய், என்ன வேலை, ஏன் இந்த முத்திரை மங்கலாக இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொருவர் உறையிலிருந்து பணத்தை எடுத்து, மேஜையில் வைக்காமல், நெஞ்சுக்கு அருகே பிடித்துக்கொண்டு எண்ணினார். எண்ணி முடித்து, மடித்து, உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஓகே, ஓகே, போர்டிங்" என்று வாசலைக் காட்டினார். அவசரப்படுத்தியது அவர்கள்தான், எனக்கு இன்னும் நேரம் இருந்தது.

விமானம் ஏறும் கேட்டுக்குப் போய் உட்கார்ந்து உறையைத் திறந்து எண்ணினேன். நூறு டாலர் நோட்டுகளில் எட்டு இல்லை. மேலே ஒரு நூறு, அடியில் ஒரு நூறு அப்படியே இருந்தன, நடுவில் போயிருந்தது. மேலோட்டமாக விரித்துப் பார்த்தால் தெரியாது. இதை ஒருவர் தற்செயலாகச் செய்ய முடியாது என்பதுதான் என் முதல் எண்ணம், இன்றும் அதுதான்.

சரி, வேறு எங்கேயும் போயிருக்க வாய்ப்பில்லையா? இந்தக் கேள்வியை நானே எனக்கு எதிராக நின்று பலமுறை கேட்டுக்கொண்டேன். ஹோட்டல் அறைகளில் இருக்கும் பெட்டகங்களுக்குப் பொதுவாக நிர்வாகத்திடம் மாற்றுக் குறியீடோ சாவியோ இருக்கும், விருந்தினர் எண்ணை மறந்துவிட்டால் திறக்க வேண்டுமே. அதனால் ஹோட்டலைச் சந்தேகிக்கலாம். ஆனால் அறையைக் காலி செய்த பிறகு, வரவேற்பு மேஜையில் பாக்கி கட்டும்போது அந்த உறையைத் திறந்து எண்ணித்தான் கொடுத்தேன். அதன் பிறகு டாக்ஸியில் பை என் மடியில். விமான நிலையத்தில் தோளில். என் கையை விட்டு அது போனது இரண்டே இடங்களில், எக்ஸ்ரே இயந்திரத்துக்குள்ளும் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாலும். இயந்திரத்துக்கு நோட்டை நடுவிலிருந்து உருவத் தெரியாது.

இது உலகத்தில் நடக்காத விஷயமும் இல்லை. 2023-இல் அமெரிக்காவின் மயாமி விமான நிலையத்தில் பயணிகளின் பைகள் எக்ஸ்ரேவுக்குப் போகும் வழியில் ஊழியர்களின் கை அவற்றுக்குள் போய்வருவது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி, கைதுகள் நடந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் மணிலா விமான நிலையத்தில், பயணி ஒருவரிடமிருந்து 300 டாலர் காணாமல் போன விவகாரத்தில், சோதனை ஊழியர் ஒருவர் எதையோ வாயில் திணித்துத் தண்ணீர் குடித்து விழுங்குகிற காட்சி கேமராவில் சிக்கியது. நோட்டைத்தான் விழுங்கினார் என்பது குற்றச்சாட்டு, சாக்லேட் என்பது அவர் சொன்ன விளக்கம். அதற்கும் முன்னால், அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் ஒரு சோதனை ஊழியர் வருடக்கணக்காகப் பயணிகளின் பெட்டிகளிலிருந்து கேமராக்களையும் கணினிகளையும் எடுத்து இணையத்தில் விற்றிருக்கிறார், ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கேமராவை ஏலத்துக்கு விட்டபோது 2008-இல் மாட்டினார், சிறைக்கும் போனார். மணிலாவில் 2015-இல் நடந்தது இன்னும் மோசம், பயணியின் பையில் துப்பாக்கித் தோட்டாவைப் போட்டுவிட்டுப் பணம் கேட்கிறார்கள் என்ற புகார்கள் கிளம்பி, மக்கள் பெட்டிகளைப் பிளாஸ்டிக்கால் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

இவற்றையெல்லாம் நான் பிற்பாடு தேடிப் படித்தேன். மயாமியிலும் மணிலாவிலும் விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் கேமரா. பயணி சொன்னதை மட்டும் வைத்து யாரும் மாட்டியதாக நான் படித்தவற்றில் இல்லை.

மறுபடியும் என் கதைக்கு. திரும்பி ஓடினேன். எண்ணியவர் இல்லை, "ஷிஃப்ட் முடிந்தது" என்றார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் இருந்தார், ஆனால் அவருக்கு இப்போது ஆங்கிலம் வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் என் முத்திரையைப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசியவர்! பெயர் கேட்டேன். மார்பில் தொங்கிய அட்டை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலதிகாரி என்று ஒருவரை வரவழைத்தார்கள், அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, இங்கே யாரையும் தனியாக அழைத்துப் போய்ப் பணம் எண்ணும் வழக்கமே கிடையாது என்றார். என்னை அழைத்துப் போன அறை அவருக்குப் பின்னால் தெரிந்தது.

சோதனை நடந்ததற்குச் சீட்டு ஏதும் தரவில்லையே என்று கேட்டால், அதனால்தான் சோதனை நடக்கவில்லை என்கிறோம் என்கிறார். இதற்கு மேல் என்ன பேசுவது.

போலீஸ் அறையைக் காட்டினார்கள். அங்கே இருந்தவர் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை, "உங்கள் விமானம் எத்தனை மணிக்கு?" என்று. பதில் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று புரிந்தது. நாட்டுக்குள் வருகிறவனிடம் எடுத்தால் அவனுக்கு நாள் இருக்கும், காவல் நிலையம் போவான், தூதரகம் போவான், மறுநாளும் வந்து நிற்பான். கிளம்புகிறவனிடம் எடுத்தால் அவனை விமானமே கொண்டுபோய்விடும். இரவு விமானமாக இருந்தால் பேசுவதற்கு ஒரு அலுவலகமும் திறந்திருக்காது. விமானம் வேண்டுமா, புகார் வேண்டுமா என்பதுதான் அவர் பேச்சின் சாரம், எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும்.

நான் விமானத்தை விட்டேன். எண்ணூறு டாலருக்கு அது லாபமான முடிவு இல்லை, அடுத்த டிக்கெட்டுக்கே அதில் பெரும்பகுதி போயிற்று. ஆனால் அன்றைக்கு எனக்குக் கணக்கு முக்கியமாகப் படவில்லை.

அதன்பின் நடந்ததுதான் என் சந்தேகத்தை ஒரு ஆளிடமிருந்து ஒரு அலுவலகத்துக்கு நகர்த்தியது. ஒருவன் கை வைக்கிறான், அது ஒரு குற்றம், எந்த நாட்டிலும் எந்த வேலையிலும் அப்படி ஒருவன் இருப்பான். ஆனால் அந்தக் குற்றம் காகிதத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ள அன்று இரவு எத்தனை பேர் உழைத்தார்கள் என்று நினைத்தால்! எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுதாமல் இருப்பதற்கு விடிய விடிய ஆயிற்று. படிவம் தீர்ந்துவிட்டது என்றார்கள், மொழிபெயர்ப்பாளர் காலையில் வருவார் என்றார்கள், அரசு ஊழியர் மேல் பொய்ப் புகார் கொடுத்தால் இங்கே வழக்கு வரும் தெரியுமா என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார். நடுவில் அந்த மேலதிகாரி உள்ளே வந்து, போலீஸ்காரரோடு தேநீர் குடித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

கடைசியில் அவர்கள் மொழியில் ஒரு தாள் எழுதி நீட்டினார்கள். தொலைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தால், பயணி தன் பணத்தைத் தொலைத்துவிட்டார் என்று இருக்கிறது. திருட்டு இல்லை, தொலைப்பு. அந்த வித்தியாசத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது, ஏனென்றால் தொலைந்ததற்குக் குற்றவாளி கிடையாது, விசாரணை கிடையாது, அந்த நிலையத்தின் குற்றக் கணக்கில் ஒரு எண்ணும் ஏறாது. திருத்தச் சொன்னேன், முடியாது என்றார்கள். அதனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும், "இந்தத் தாள் எனக்குப் புரியாத மொழியில் உள்ளது. சோதனை அறையில் ஊழியர் எண்ணியபோது பணம் குறைந்தது என்பதே என் புகார்" என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு, அதையும் படம் எடுத்துக்கொண்டேன். இதற்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்பது வேறு விஷயம். அதை எழுதியபோது அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், எனக்கு அதுவே போதுமான மதிப்பாக இருந்தது.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. ரொக்கத்துக்கு அவர்கள் வைக்கும் வரம்பு எப்படியும் சின்னது. அந்தச் சின்னதைக் கேட்கவே போலீஸ் அறிக்கை வேண்டும், அதுவும் பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும். அறிக்கையில் தொலைந்தது என்று இருந்தால் கவனக்குறைவு என்று தள்ளுவார்கள். சரி, உண்மையைச் சொல்லலாம், சோதனை அதிகாரி எடுத்தார் என்று எழுதலாம் என்றால், சுங்கத் துறையோ வேறு அரசு அதிகாரிகளோ பறிமுதல் செய்தவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு விதிவிலக்கு இருக்கும். பறிமுதல் என்றால் ரசீது இருக்குமே, இது திருட்டு என்று நான் வாதாடினேன், அவர்கள் அறிக்கையைக் காட்டி இதில் திருட்டு என்று இல்லையே என்றார்கள். கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றேன்.

தூதரகத்தில் நல்லவிதமாகவே பேசினார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தப்படி நம்மைக் கைது செய்தாலோ தடுத்து வைத்தாலோ தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த நாட்டுக்குள் போய் விசாரணை நடத்தும் அதிகாரம் தூதரகத்துக்குக் கிடையாது, உள்நாட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. கடிதம் எழுதுவார்கள், வழக்கறிஞர்கள் பட்டியல் தருவார்கள். என் விஷயத்தில் கடிதம் எழுதினார்கள், அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் என் புகாருக்கு ஒரு எண்ணே கிடைத்தது.

பணத்தை ஏன் கையில் வைத்திருந்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. சட்டப்படி வைத்திருந்தேன், அதனால்தான். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அப்போதும் வைத்திருப்பது குற்றம் இல்லை, அறிவிக்காமல் இருப்பதுதான் குற்றம். நான் போன நாட்டின் வரம்புக்கு என் உறை பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் நள்ளிரவில் சீருடை போட்ட இருவர் "கரன்சி?" என்று கேட்டால் இந்த விதியெல்லாம் யாருக்கு நினைவுக்கு வரும்? நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்ற பயம்தான் முதலில் வரும். அந்தப் பயத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. இப்போது யாராவது எண்ண வேண்டும் என்றால், அறைக்குள் வேண்டாம், கேமராவுக்குக் கீழே இந்த மேஜையிலேயே நானே எண்ணிக் காட்டுகிறேன் என்று சொல்கிறேன். ஒருமுறை சொல்லியும் ஆயிற்று, கேட்டவர் ஒன்றும் பேசாமல் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டார்.

கேமரா பதிவுக்காக மட்டும் நான் விடாமல் எழுதினேன், பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் முதல் கடிதத்திலேயே தேதி, நேரம், சோதனை வரிசை எண், போட்டிருந்த சட்டை நிறம் எல்லாம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்து வையுங்கள் என்று கேட்டிருந்தேன். ஐரோப்பாவாக இருந்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் உருவம் பதிந்த காட்சியின் நகலை நாமே கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போன நாட்டில் அப்படி இல்லை, கெஞ்சத்தான் முடிந்தது.

வந்த பதிலில், அந்த அறைக்குள் கேமரா கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். யாரையும் தனியாக அழைத்துப் போகும் வழக்கமே கிடையாது என்று சொன்ன அலுவலகம்தான் இப்படி எழுதியிருக்கிறது. அதையும் வாசலில் இருக்கும் கேமராவையும் சுட்டிக்காட்டி, அன்று இரவு அங்கே யார் யாருக்குப் பணி ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலைக் கேட்டுத் தூதரகம் வழியாக மறுபடி எழுதியிருக்கிறேன். பட்டியல் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று ஒரு வழக்கறிஞரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.