நோட்டின் கடைசிப் பக்கத்துக் கணக்கு

பட்டறையின் வரவு செலவை பதினாறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். கோவை கணபதியில் இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்து பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். அதே நோட்டைத் திருப்பிப் பிடித்தால் கடைசிப் பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு ஓடும். தலைப்பு: தம்பி – கார்ட். எங்கள் பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்; கார்ட் என்பது அவன் ஓட்டும் கோ-கார்ட், சின்ன ரேஸ் வண்டி.

என் நாத்தனார் பையனுக்கும் இப்போது அந்த ஆசை வந்திருக்கிறது. "ஆரம்பிக்க எவ்வளவு ஆகும் அண்ணி?" என்று கேட்டாள். போனில் சொன்னால் மயக்கம் போட்டுவிடுவாள் என்று எழுதுகிறேன்.

முதல் வரி 600 ரூபாய். பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு, வாடகைக் கார்ட்டில் பத்து நிமிடம். அப்புறம் மாதம் ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை. அங்கே கொடி காட்டும் பையன் ஒரு நாள், "அக்கா, தம்பி பயப்படாம பிரேக்கை லேட்டாப் பிடிக்கிறான், ரேஸ் கார்ட்டுல உட்கார வெச்சுப் பாருங்க" என்றான். அவன் சும்மா இருந்திருக்கலாம்.

கார்ட்டைப் பழையதாகத்தான் வாங்கினோம். இத்தாலி சேஸி (அடிச்சட்டம்), 125 சிசி டூ ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் இன்ஜின், 3,40,000. ஹெல்மெட், சூட், ஷூ, கையுறை, விலாக் கவசம் எல்லாம் சேர்த்து 74,000. விலாக் கவசம் எதற்கு என்று முதலில் நானும் கேட்டேன். கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. சீட் பெல்ட்டும் கிடையாது. வளைவில் உடம்பு முழுக்க சீட்டின் விளிம்பில் போய் இடிக்கும். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்தவன் ராத்திரி ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் முனகினான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இத்தனைக்கும் இது ஒரு தடவைச் செலவு. சீட்டு எடுத்தோ கடன் வாங்கியோ சமாளித்துவிடலாம். நாங்கள் சீட்டு எடுத்தோம். பட்டறைக் கூரைக்குப் புது ஷீட் போட வைத்திருந்த சீட்டு. மழைக்கு இன்னமும் மில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் பக்கெட் வைக்கிறோம்.

ஆளை உருக்குவது அதற்குப் பிறகு வருவதுதான். டயர் ஒரு செட் 21,000. கையில் தொட்டால் ஒட்டுகிற மாதிரி மெத்தென்ற ரப்பர்; நாலைந்து தடவை ஓட்டினால் அந்தப் பிடி போய்விடும், ஸ்டாப் வாட்ச் உடனே காட்டிக்கொடுக்கும். பெட்ரோலில் ஐந்து லிட்டருக்கு 100 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும், சாதாரண ஆயில் ஆகாது. குறிப்பிட்ட மணிநேரம் ஓடியதும் இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் மாற்ற வேண்டும். ஆனால் ரோட்டாக்ஸ் இன்ஜினில் சீல் இருக்கும், கம்பெனி அங்கீகரித்த ஆள்தான் உடைக்கலாம். எந்த மோட்டாரைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிற என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பில் 62,000.

ஆக்சில் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் டிராக் ஓரத்து மேட்டில் (கெர்ப்) ஏறி, பின் ஆக்சில் வளைந்துவிட்டது. 50 மில்லிமீட்டர் குழாய், அவ்வளவுதானே என்றார் இவர். லேத்தில் மாட்டி, வளைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, கையாலேயே மெல்லச் சுற்றினார். முள் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் போய் வந்தது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, திரும்ப லேத்தில் பார்த்து, திரும்ப அழுத்தி, ராத்திரி பதினொரு மணிக்கு முள் கிட்டத்தட்ட அசையாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அடுத்த ஞாயிறு, மூன்றாவது ரவுண்டில், அதே இடத்தில் வளைந்தது.

வளைவில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கார்ட்டில் இல்லை, இரண்டு பின் சக்கரமும் ஒரே குழாயில். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்ப வேண்டும்; சேஸியும் ஆக்சிலும் முறுக்கிக் கொடுத்தால்தான் அது நடக்கும். ஒரு முறை வளைந்து நிமிர்த்திய உலோகம் அந்த வேலைக்கு ஆகாது. புதிது 11,500. பழையது பட்டறையில் பெரிய ஸ்பானருக்கு நீட்டுக் குழாயாக இருக்கிறது. கணபதியிலேயே விலை உயர்ந்த ஸ்பானர் பைப் எங்களுடையதுதான்.

இது போக, வளர்கிற பிள்ளை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் சூட்டுக்குக் கீழே கணுக்கால் தெரிந்தது. ஷூ ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போனது. சீட் இடுப்பைக் கவ்வ வேண்டும் என்பதால் அதையும் மாற்றி, ஓட்டை போட்டு, திரும்ப போல்ட் மாட்ட வேண்டும். சூட்டைப் பழையதாக வாங்கலாம், விற்கலாம். நான் இரண்டும் செய்தேன். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதே. முன்னே எங்கே அடிபட்டது என்று வெளியே தெரியாது.

ரேஸ் என்று போனால் அது தனி. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் குட்டி யானையில் கார்ட்டை ஏற்றிப் போய், ரூம் போட்டு, என்ட்ரி ஃபீஸ், மெக்கானிக் கூலி, புது டயர் எல்லாம் கொடுத்து மூன்று நாளில் 78,000. இருபத்திரண்டு பேரில் பதினான்காவதாக வந்தான்.

நம் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதைச் சொல்லாத ஆள் இங்கே இல்லை. அவருடைய அப்பாவே ராலி ஓட்டியவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. "ஃபார்முலா ஒன் டிரைவர் எஸ்டபன் ஒக்கானோட அப்பா அம்மா இதுக்காக வீட்டையே வித்துட்டாங்களாம்மா" என்று தம்பி ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். இவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "ஏனுங்க, சோத்தைப் பார்த்துச் சாப்பிடுங்க" என்றேன்.

இருபது மாதத்தில் மொத்தம் 9,12,000. நாத்தனாரே, நீ கார்ட் வாங்காதே. டீம்காரர்களிடம் ரேஸ் கார்ட்டை நாள் வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் ஓட்டட்டும். உடைத்தால் காசு கேட்பார்கள், அதையும் முதலிலேயே பேசிக்கொள்.

தம்பி இப்போது சனிக்கிழமைகளில் பட்டறையில் பிசிறு எடுக்கிறான், கூலி கொடுக்கிறோம். நேற்று நோட்டைத் திருப்பினால் அவன் கையெழுத்தில் ஒரு வரி: செயின் ஸ்பிரே 680, என் காசு. பில்லைத்தான் காணோம்.