சொட்டுநீர் மானியம் வாங்க ஏழு மாதம்

போன வாரம்தான் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் சொட்டுநீர் ஓடத் தொடங்கியது. கரிசல் பூமி. கோடையில் முக்கால் மணி நேரம் மோட்டார் ஓடினாலே கிணறு வற்றிவிடும். வாய்க்காலில் விட்டால் பத்து சென்ட் நனைவதே பெரிய பாடு. சொட்டுநீர் போட அரசு மானியம் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. அந்த 25 சதவீதத்தைக் கையிலிருந்து போட எனக்கு வழியில்லை.

சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் ஒரே நாளில் தயார். சிறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தேன். மூன்று வாரம் கழித்து நிராகரித்துவிட்டார்கள். பெரியப்பா வீட்டோடு சேர்ந்த கூட்டுப் பட்டா. மொத்தம் ஏழு ஏக்கர். சான்றுக்கு வரம்பு ஐந்து ஏக்கர். என் பங்கு மூன்று ஏக்கர்தான் என்று தாலுகா அலுவலகத்தில் பாகப் பத்திரத்தை நீட்டினேன். அங்கிருந்த எழுத்தர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "தனிப் பட்டாவோட வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சரி என்று என் பங்கைத் தனியாகப் பிரிக்க உட்பிரிவுக்குப் போட்டேன். நில அளவையர் வருவதாகச் சொன்ன நாளில் அண்ணன்கள் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து வரப்பில் நின்றார்கள். அவர் வரவே இல்லை. ஒரு நாள் கூலி போனது அவர்களுக்கு. மூன்றாம் முறைதான் சங்கிலி பிடித்தார். வந்த பட்டாவிலும் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை! அதைத் திருத்த இன்னொரு மாதம். பட்டா கைக்கு வந்ததும் ஆதாரை அருகில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டதால்தான் சான்று இரண்டாம் முறையும் திரும்பியது.

அப்புறம் எல்லாம் வேகம்தான். கம்பெனி ஆள் வந்து அளந்தார், ஆணை வந்தது, குழாய் இறங்கியது. பொருத்தி முடித்த அன்றே "எல்லாம் வந்துருச்சுன்னு கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றார். பட்டியலை வைத்து எண்ணினால் உரம் செலுத்தும் வெஞ்சுரியைக் காணோம். மானியப் பணம் நேராக அவர்களுக்குத்தான் போகிறது. கையெழுத்துப் போட்டபின் யார் திரும்பி வருவார்கள்? மறுத்துவிட்டேன். இரண்டே நாளில் வெஞ்சுரி வந்தது.

எங்கள் தண்ணீர் உப்பு. வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, குழாய்களின் கடைசி மூடியைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். ஒரு ஏக்கரை இரண்டு வால்வாகப் பிரித்திருக்கிறோம். வால்வுக்கு இருபது நிமிடம். நேற்று கடைசிப் பாத்தி வரை நடந்து பார்த்தேன், ஒவ்வொரு செடியின் அடியிலும் ஈரம் இருந்தது.