பயன்பட்டதா என்று கேட்டவர்

தான் கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது என்று அந்தக் கொடையாளர் கேட்டிருந்தால் எனக்குச் சிரமமே இருந்திருக்காது. ரத்தம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரையொருவர் தெரியக்கூடாது என்பது எங்கள் ரத்த வங்கி வேலையின் அடிப்படை விதி. தெரிந்துவிட்டால் நன்றிக்கடன் வரும், பணம் வரும், அடுத்த முறை வற்புறுத்தல் வரும். இதை எத்தனையோ பேரிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது அதை அல்ல.

"பேரெல்லாம் வேண்டாம் தம்பி. போன தடவை கொடுத்தது பயன்பட்டுச்சா, அதை மட்டும் சொல்லு."

அவர் தட்டணுக்கள் கொடுப்பவர்; ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட்டுகள்தான் அவை. சாதாரண ரத்ததானம் போலச் சில நிமிடங்களில் முடிகிற காரியம் அல்ல அது. ரத்தம் இயந்திரத்துக்குள் போய், தட்டணுக்கள் மட்டும் பிரிந்து, மிச்சம் உடம்புக்கே திரும்பும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்கூட ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் யாருக்காகவும் இல்லாமல், தானாக வந்து அப்படிப் படுத்திருக்கிறவர்கள் குறைவு.

பையின் எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். காலாவதி, அகற்றப்பட்டது என்று இருந்தது. சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களைக் குளிரில் வைப்பதில்லை. 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், இடைவிடாமல் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெப்பத்தில் கிருமி வளர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் 5 நாள்தான் கெடு.

"இல்ல சார். தேதி முடிஞ்சிடுச்சு. யாருக்கும் ஏத்தல" என்றேன்.

"சரி" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு நாள்ல ஒருத்தருக்குக்கூடத் தேவைப்படலையா?" என்று கேட்டார். கோபமாக அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றும் படுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதன்பிறகு வரவில்லை.

வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். என் பதில்தான் காரணம் என்று நானாக முடிவு கட்டுவது சரியல்ல. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

கூட வேலை பார்க்கிற அக்கா சொன்னது இது: "பொய் சொல்லியிருக்க வேண்டாம். ஆனா கம்ப்யூட்டரைத் திறந்திருக்கவும் வேண்டாம்." யோசித்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் ஒருவருக்கு ரத்தக்கசிவு நிற்காமல் போனால், அதன்பிறகு கொடையாளரைத் தேடி, ரத்தம் எடுத்து, பரிசோதித்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். முன்கூட்டியே இருப்பு வேண்டும். இருப்பு என்றாலே கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். தீப்பிடிக்காத நாளில் தீயணைப்பு வண்டி வீணாக நின்றது என்று யாரும் சொல்வதில்லையே. இதை அந்தக் கொடையாளரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டியை யாரும் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. அவரிடம் அந்த வாதம் எடுபட்டிருக்குமா, எனக்குச் சந்தேகம்தான்.

ரத்தத்துக்குக் காசு கொடுக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. விலை வைத்தால் பணத்தேவை இருப்பவர் நோயை மறைத்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு. தன்னார்வமாக, பணமில்லாமல் கொடுப்பதை ஊக்குவிக்கும்படி உலக சுகாதார சபை 1975-லேயே உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. சரி, பணம் இல்லை, பெற்றவரின் முகமும் இல்லை. பயன்பட்டது என்கிற தகவல் ஒன்றுதான் கொடுப்பவருக்கு மிஞ்சுவது. அதையும் நாம் பூட்டி வைத்தால் எப்படி?

சுவீடனில், கொடுத்த ரத்தம் நோயாளிக்குப் போனதும் கொடையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். அருமையான ஏற்பாடு. முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் யாருக்கும் போகாத பையைக் கொடுத்தவருக்கு என்ன செய்தி அனுப்புவது? அவரும் அதே ஊசியைத்தானே தாங்கினார்.

நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நேராகக் கேட்டவருக்கு நேரான பதில். இப்போதும் யாராவது கேட்டால் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் படுக்கப்போகிறவரிடம், இது யாருக்கும் பயன்படாமலும் போகலாம் என்று முன்கூட்டியே நானாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று சில நாள் தோன்றும். அன்றைக்கென்று இருப்பில் ஒன்றிரண்டு பைதான் இருக்கும். பேசாமல் ஊசியை எடுத்துவிடுவேன்.