ஃபார் லாப் சுமந்த எடை

26 அக்டோபர் 2025, ஞாயிறு, மெல்போர்ன்

இன்று மெல்போர்ன் அருங்காட்சியகத்தில், ஃபார் லாப் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையைப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாகச் சொல்வதானால், நான் பார்த்தது 1932-இல் இறந்துபோன குதிரையின் தோலை. நியூயார்க்கில் பாடம் செய்யப்பட்டு, இன்று கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் அந்தச் செம்பழுப்பு உருவத்தின் தோளுயரம் சுமார் 175 சென்டிமீட்டர். எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெல்லிங்டனிலும் இதயம் கான்பெராவிலும் இருக்கின்றன. ஒரே குதிரையை மூன்று ஊர்கள் பங்கு போட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெருமையாகவும் படுகிறது, சற்றுக் கொடூரமாகவும் படுகிறது.

அடுத்த வாரம் மெல்போர்ன் கோப்பைப் பந்தயம். இந்த ஆண்டின் நாட்காட்டி 1930-ஆம் ஆண்டினுடையதைப் போலவே அமைந்திருக்கிறது; நவம்பர் முதல் தேதி அப்போதும் சனிக்கிழமைதான். ஆகவே இந்த நாட்களில் இக்குதிரையைப் பற்றியே எழுதலாம் என்றிருக்கிறேன்.

29 அக்டோபர், புதன்

ஃபார் லாப் பிறந்தது 1926 அக்டோபர் 4 அன்று, நியூசிலாந்தின் டிமாரு அருகே. சிட்னியில் வசதியின்றி இருந்த பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்ட், குட்டியை நேரில் பாராமல் அதன் வம்சாவளியை மட்டும் படித்துவிட்டு, 1890-இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற கார்பைன் என்ற குதிரையின் இரத்தம் அதில் ஓடுகிறது என்று நம்பினார். வாங்குவதற்குப் பணம் இல்லாததால் டேவிட் டேவிஸ் என்ற அமெரிக்க வணிகரை இணங்கவைத்தார். 1928-இல் 160 கினிக்கு (கினி அக்காலப் பண அலகு) ஏலம் முடிந்தது. ஒல்லியாக, முகத்தில் மருக்களோடு வந்து இறங்கிய குட்டியைக் கண்ட டேவிஸ் பயிற்சிச் செலவைத் தர மறுத்துவிட்டார். பரிசுப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தமக்கு என்ற ஏற்பாட்டில் டெல்ஃபோர்ட் அதை மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்.

காயடித்து மணல்மேடுகளில் விடாமல் ஓடவிட்டும், முதல் நான்கு பந்தயங்களில் தோல்வியே கிடைத்தது. 1929 ஏப்ரல் 27 அன்று சிட்னியின் ரோஸ்ஹில் திடலில்தான் முதல் வெற்றி. பெயருக்கு மின்னல் என்று பொருள். தாய்லாந்து மொழிச் சொல். அவ்வளவு காலம் பெயருக்குப் பொருத்தமில்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

1 நவம்பர், சனி

சரியாக 95 ஆண்டுகளுக்கு முன்பு இதே சனிக்கிழமைக் காலையில், பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஃபார் லாப்பைக் குறிவைத்து, காரில் வந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். கோப்பையில் அது வென்றால் பெரும் பணத்தை இழக்கவிருந்தவர்களின் வேலை என்று பேசிக்கொண்டார்கள். குதிரைக்காரர் டாமி உட்காக் குறுக்கே நின்று மறைக்க, குண்டு தவறியது. அன்று மதியமே மெல்போர்ன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் ஓடி அது வென்றது என்பதைப் படித்தபோது இருமுறை தேதியைச் சரிபார்த்தேன். அதன்பின் ஜிலாங் அருகே ஒரு பண்ணையில் ஒளித்து வைத்தார்கள்.

4 நவம்பர், செவ்வாய்

ஊருக்கே விடுமுறை. நான் வீட்டிலிருந்தபடி மூன்று எடைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 47, 62.5, 68 கிலோ.

மெல்போர்ன் கோப்பை ஹேண்டிகேப் முறையில் நடப்பது. திறமை மிகுந்த குதிரைக்குக் கூடுதல் எடை (சவாரி செய்யும் ஜாக்கியின் எடையும் இதில் அடக்கம்) விதித்து, எல்லாவற்றையும் ஓரளவு சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். 1929-இல் மூன்று வயதுக் குதிரையாக 47 கிலோ மட்டுமே சுமந்தும் ஃபார் லாப் மூன்றாவதாகத்தான் வந்தது. அதற்குப் பழகிய ஜாக்கியான ஜிம் பைக்கினால் அவ்வளவு குறைந்த எடைக்கு உடலை இளைக்க முடியவில்லை; வேறொருவர் ஏறினார், தொடக்கத்தில் வேகத்தை அடக்க முயன்ற அவரோடு போராடியே குதிரை களைத்துவிட்டது. சுமை குறைந்ததே அதற்கு வினையாயிற்று எனலாம். மறு ஆண்டு 62.5 கிலோவுடன் பைக் ஏறியபோது மூன்று குதிரை நீளம் முந்தி வென்றது. அன்று அதன் மேல் வைத்த பந்தயத்துக்கு 11 பவுண்டுக்கு 8 பவுண்டுதான் இலாபம். வெல்லும் என்ற நம்பிக்கை கூடக்கூட இலாபம் குறையும்; கோப்பை வரலாற்றில் இவ்வளவு உறுதியாக நம்பப்பட்ட குதிரை வேறில்லை. அந்த விழா வாரத்தின் நான்கு நாட்களிலும் ஓடி, நான்கிலும் வென்றது.

1931-இல் விதிக்கப்பட்டது 68 கிலோ. கார்பைன் 1890-இல் சுமந்து வென்ற 65.8 கிலோவே இன்றுவரை வெற்றிபெற்ற எடைகளில் மிக அதிகம். அதைவிட இரண்டு கிலோவுக்கு மேல் கூட்டி வைத்தார்கள். எட்டாவதாக வந்தது. விதி தன் வேலையைச் சரியாகவே செய்தது என்று வாதிடலாம். எனக்கென்னவோ, நன்றாக ஓடியதற்கு விதித்த தண்டமாகவே அது தோன்றுகிறது.

7 நவம்பர், வெள்ளி

கப்பலேறி அமெரிக்கா சென்ற ஃபார் லாப், 1932 மார்ச் 20 அன்று மெக்சிகோவின் டிஹுவானாவில் அகுவா கலியென்டே ஹேண்டிகேப்பை வென்றது. குளம்பில் பிளவு, பழக்கமில்லாத மண் தடம், முதுகில் 58.5 கிலோ, ஆயினும் அத்திடலின் சாதனை நேரத்தை முறியடித்தது. 51 பந்தயங்களில் அது 37-ஆவது வெற்றி, கடைசிப் பந்தயமும் அதுவே. ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், வலியில் துடித்துச் சில மணி நேரத்தில் இறந்தது.

பிடரி மயிரை ஆராய்ந்தவர்கள், இறப்பதற்கு 30 முதல் 40 மணி நேரத்துக்கு முன் ஆர்செனிக் என்ற நஞ்சு பெருமளவு உடலில் சேர்ந்திருந்ததைக் கண்டறிந்தார்கள். அக்காலத்தில் குதிரைகளுக்குக் கொடுத்த சத்து மருந்துகளிலும் ஆர்செனிக் இருந்ததால், கொலையா கைத்தவறா என்ற விவாதம் ஓயவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

இதயத்தின் எடை 6.2 கிலோ, சாதாரணக் குதிரைக்கு ஏறக்குறைய நான்கு. துணிவுள்ளவரைப் பார்த்து, 'ஃபார் லாப்பின் இதயம் இவருக்கு' என்று ஆஸ்திரேலியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

எனக்கோ இன்று மனத்தில் நிற்பவர் உட்காக். வலியால் தவித்த குதிரையின் அருகிலேயே இருந்த அவர் பின்னாளில் தாமே பயிற்சியாளரானார். 1977-ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பையில் அவருடைய ரெக்லெஸ் என்ற குதிரை இரண்டாவதாக வந்தது.