குமரியில் கார் எடுத்து ஓட்டுங்கள், மார்த்தாண்டம் ரோட்டைத் தவிர

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்த சூட்டோடு எழுதுகிறேன். பம்பரில் முன்பே இருந்த கீறலுக்கு 3,000 ரூபாய் கேட்டார் நாகர்கோவில் வண்டிக்காரர். நம் காசுக்கு ஏறக்குறைய 150 ரிங்கிட்! எடுக்கும்போதே என் மனைவி நாலு பக்கமும் வீடியோ பிடித்து வைத்திருந்தாள். அதைக் காட்டியதும் பேச்சை மாற்றிவிட்டார். இதெல்லாம் பகல் கொள்ளை.

மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் ஜேபிஜேயில் (நம் சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்து, லைசன்ஸோடு சேர்த்துக் கையில் வைத்திருங்கள். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கை தடுமாறாது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிற காரை மட்டும் எடுங்கள். 'தெரிஞ்சவர் வண்டி' என்று வெள்ளைப் பலகைக் காரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது சொந்த உபயோக வண்டி, எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் தகராறுதான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும்போதும் வயிறு எரிந்தது.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம் போகும் தேசிய நெடுஞ்சாலை 66 பெயருக்குத்தான் நெடுஞ்சாலை. ரோட்டை ஒட்டியே கடைகள், நினைத்த இடத்தில் நிற்கும் பஸ், பின்னாலேயே கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள். பஸ்ஸை முந்தலாம் என்று வலப்பக்கம் பார்த்தால் எதிரே இன்னொரு பஸ் நம்மை நோக்கி வருகிறது. தக்கலை தாண்டுவதற்குள் தோள்பட்டை இறுகிவிட்டது.

ஆனால் குலசேகரம் பக்கம் திரும்பியதும், அடடா! இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஏறி இறங்கும் குறுகலான ரோடு, ஜன்னலைத் திறந்தால் ரப்பர் பால் காயும் வாசனை. என் தாத்தா பால் வெட்டிய எஸ்டேட்டும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்ற, வேகத்தைக் குறைத்தேன். வழியில் ஒரு டீக்கடைக்காரர் சொன்னது எந்த மேப்பிலும் கிடைக்காது: "வளைவுல ஹார்ன் அடிச்சிட்டே போங்க அண்ணே, இல்லேன்னா எதிர்ல வாறவனுக்கு எப்பிடித் தெரியும்?" நம்மூரில் ஹார்ன் அடித்தால் சண்டைக்கு வருவார்கள். இங்கே அதுதான் மரியாதை. அதற்கப்புறம் ஒரு வளைவிலும் பதற்றமில்லை. எதிரே வந்த ஜீப்காரர் ஒதுங்கி நின்று கையசைத்து எங்களை விட்டார்.

அந்தக் கடையிலேயே மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கிடைத்தது. குடம்புளி போட்ட சிவப்புக் குழம்பு, கிழங்கு வாயில் வைத்ததும் மாவாகிறது. இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டும் 10 ரிங்கிட் ஆகவில்லை. கன்னியாகுமரியில் கடல் பார்க்கிற ஹோட்டலில் இதைவிட அதிகம் கொடுத்து ஆறிப்போன தோசை சாப்பிட்டோம்.

திற்பரப்பு அருவி, அப்புறம் பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம், இரண்டையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மார்த்தாண்டத்துக்கே போக வேண்டியிருந்தால் காரை நாகர்கோவிலில் விட்டுவிட்டு ரயிலேறிக் குழித்துறையில் இறங்குங்கள்.