நெவாத்திமில் திஷ்ரி மாதம்

2022 செப்டம்பர் 25, ஞாயிறு

இன்று பொழுது சாய்ந்ததும் திஷ்ரி மாதம் தொடங்கி யூத ஆண்டு 5783 பிறந்துவிட்டது. மேசையில் பேரீச்சை, பூசணி, பீட்ரூட், மாதுளை. ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு வேண்டுதல் சொல்லி அதன்பிறகே வாயில் வைக்கிறார்கள். வேண்டுதல் நீளம், பசியோ அதைவிட நீளம்.

இது நெவாத்திம். பைபிளில் நாம் பெயெர்செபா என்று படித்த ஊருக்குப் பக்கம், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனம். 1954-இல் கொச்சி யூதர்கள் வந்து இறங்கிய கிராமம். நான் பார்த்துக்கொள்ளும் அம்மச்சி கேரளத்து மாளாவில் பிறந்தவர், இங்கே மருமகளாக வந்தவர். கேரள எல்லையோரக் குழித்துறைக்காரியான எனக்கு மலையாளம் பேசவும் வாசிக்கவும் வரும். வேலை கிடைத்ததே அதனால்தான்.

2022 அக்டோபர் 5, புதன்

யோம் கிப்பூர், பாவநிவாரணத்துக்கான உபவாச நாள். சாலையில் ஒரு கார் இல்லை. பிள்ளைகள் நடுரோட்டில் சைக்கிள் விடுகிறார்கள்.

அம்மச்சிக்குச் சர்க்கரை. உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடுவதுதான் கட்டளை என்று மகன் நேற்றே சொல்லிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். மத்தியானம் ஜெப ஆலயத்தில் யோனாவின் புத்தகம் முழுவதையும் வாசித்தார்கள், நான்கு அதிகாரமும். நினிவே மக்கள் உபவாசமிருந்து மனம் திரும்பிய கதை. எங்கள் ஞாயிறு பள்ளியில் யோனாவை மீன் விழுங்கியதோடு நிறுத்திவிடுவார்கள்.

செத்துப்போனவர்களுக்காக நேற்றே ஏற்றிய விளக்கு இன்னும் எரிகிறது. பெற்றோருக்குப் பிறகு, மாளாவில் கிடக்கும் தாத்தா பாட்டி பெயர்களையும் அம்மச்சி சொன்னார். 1955-இல் கிளம்பும்போது ஜெப ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பாதுகாக்கச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்களாம். இப்போது அங்கே சில கல்லறைகளே மிச்சம். “கல்லு போகட்டும் மோளே, பேரு என் வாயில இருக்கு” என்றார். அவருக்குப் பிறகு யார் வாயில் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

2022 அக்டோபர் 11, செவ்வாய்

கூடாரப் பண்டிகை. முற்றத்தில் சுக்கா என்கிற பண்டிகைப் பந்தல் போட்டாயிற்று. கூரை இலைதழையாகத்தான் இருக்கவேண்டும். நிழல் தரவேண்டும், இடுக்கு வழியே நட்சத்திரமும் தெரிந்தால் நல்லது. மாளாவில் தென்னோலை, இங்கே பேரீச்ச ஓலை. பேரீச்ச ஓலையின் முள்ளைத் திட்டிக்கொண்டே பேரன் கட்டினான்.

சென்ற ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஏழாம் ஆண்டு. அது முடிந்து வரும் இந்தப் பண்டிகையில் ஆண், பெண், பிள்ளைகள், வாசலுக்குள் இருக்கும் வேற்று தேசத்துப் பரதேசி எல்லாரையும் கூட்டி வேதத்தை வாசித்துக் காட்டவேண்டும் என்று பைபிளில் உபாகமம் 31-இல் உண்டு. அந்தப் பட்டியலில் என் போன்றவர்களும் வருகிறோம் என்று அம்மச்சியிடம் சொன்னேன். “அப்போ நீ வாசி” என்று தலையணைக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டு. எழுத்தும் மொழியும் மலையாளம். யோசேப்பு, மோசே, கல்யாணம், கிளிப்பாட்டு என்று பக்கம் பக்கமாக. அந்த ஊர்களில் இந்தப் பாட்டுகளை ஆண்கள் முன்னாலேயே பெண்கள் பாடியிருக்கிறார்கள். அம்மச்சிக்குக் கண் மங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு மலையாளம் காதில் கொஞ்சம் ஏறும், எழுத்து தெரியாது. நான் முதல் வரியை வாசித்தால் போதும், மீதியை அவர் பாடிவிடுகிறார். சில இடங்களில் நோட்டையே திருத்துகிறார்.

2022 அக்டோபர் 17, திங்கள் இரவு

சிம்ஹத் தோரா. மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவை வாசித்து முடித்து மறுபடி தொடங்கும் நாள். கேரளத்தில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பண்டிகையாம். பட்டும் மல்லிகையும் சார்த்தித் தனிப் பெட்டகம் ஜோடித்து அதில் தோராச் சுருள்களை வைப்பார்கள், எண்ணெய் விளக்குகள் அடுக்கடுக்காக எரியும், சுருளைத் தூக்கிக்கொண்டு வெளி முற்றத்தையும் சுற்றி வருவார்கள். மல்லிகையைப் பற்றி மட்டும் அம்மச்சி மூன்று தடவை சொன்னார்.

இன்று இங்கே பார்த்தது: உபாகமத்தின் கடைசி அதிகாரம். மோசே நேபோ மலையிலிருந்து தேசத்தைப் பார்க்கிறார், உள்ளே போகாமல் சாகிறார். அவர் கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது என்று வேதமே சொல்லிவிடுகிறது. அழுவதற்கு ஆள் தயாராகும் முன்னே அடுத்த சுருளைப் பிரித்து, ஆபிரகாம் கதை வரும் ஆதியாகமத்தை “ஆதியிலே தேவன்” என்று ஆரம்பித்துவிட்டார்கள்! முடித்த கையோடு தொடக்கம். எனக்கு அது கொஞ்சம் இரக்கமற்றதாகப் பட்டது. அம்மச்சியிடம் சொன்னேன். “மோசேக்கு நின்னு அழுதா ஆபிரகாமை யாரு பாக்கறது?” என்றார்.

2022 அக்டோபர் 31, திங்கள்

இன்றிரவு தொழுகையிலிருந்து மழை கேட்கத் தொடங்குகிறார்கள். பண்டிகை முடிந்து இரண்டு வாரம் ஏன் காத்திருந்தார்கள் என்று கேட்டேன். எருசலேமுக்குப் பண்டிகைக்கு வந்தவர்களில் கடைசி ஆள் ஐப்பிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கரை வீட்டுக்கு நனையாமல் போய்ச் சேர பதினைந்து நாள் வேண்டுமாம். அந்த எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தது. அந்தப் பயணிக்காக இன்னும் மழையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

“மாளாவிலயும் இதே நாள்தானா?” என்று அம்மச்சியிடம் கேட்டேன்.

இல்லையாம். இந்தத் தேசத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்குப் பாபிலோன் கணக்கு, டிசம்பர் 4 அல்லது 5-இல்தான் தொடக்கம். ஐப்பசி அடைமழையில் வாய் மூடிக்கொண்டிருந்துவிட்டு, மழை ஓயப்போகும் நேரத்தில் மழை கேட்டிருக்கிறார்கள்.

“அப்பன் சத்தமா சொல்லுவார். அம்மா உள்ளேருந்து, நெல்லு காயுது, மெதுவா கேளுங்கன்னு கத்துவா.”