தண்டையார்பேட்டையிலிருந்து சிங்கப்பூர்: பிசினஸ் வகுப்பில் சாப்பாடு கேட்ட விதம்

தண்டையார்பேட்டையில் 26 ஆண்டுகள் சாப்பாட்டுக் கடை நடத்திய என் அம்மா, சென்ற ஆண்டு முதன்முறையாக விமானம் ஏறினார். அவருக்காகவே சேர்த்து வைத்திருந்த மைல் புள்ளிகளை (பறக்கும்போதெல்லாம் விமான நிறுவனம் பயணியின் கணக்கில் சேர்க்கும் புள்ளிகள்) செலவழித்து, இருவருக்கும் பிசினஸ் வகுப்பில் இருக்கை வாங்கியிருந்தேன். வீட்டருகே மெட்ரோ ஏறினால் இறங்கி மாறாமல் விமான நிலையத்துக்கே போய்விடலாம் என்பது 2021இல் வழித்தடம் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு எங்கள் பகுதிக்குக் கிடைத்த பெரிய வசதி. அன்று இரவும் அப்படித்தான் போனோம். பயணத்தில் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது இருக்கையின் அகலமோ மெத்தையோ அல்ல, பணிப்பெண் ஒருவர் அம்மாவிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட விதம்தான்.

விமானம் மேலேறிச் சீரானதும் உணவு அட்டையைக் கொடுத்தார்கள். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் பணிப்பெண் வந்து, நின்றபடி குனியாமல், இருக்கையின் பக்கத்தில் முழங்காலை மடித்து அம்மாவின் கண் மட்டத்துக்கு இறங்கினார். சட்டையில் குத்தியிருந்த பெயரைத் தானே சொன்னார். பிறகு தமிழில், "அம்மா, இன்னைக்கு மூணு வகை இருக்கு. புளி விட்ட மீன் குழம்பும் சோறும், மிளகு போட்ட கோழி, பனீர் வச்ச சைவச் சாப்பாடு. மீன் முள் எடுத்தது. உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றார். "சிக்கனா, வெஜ்ஜா?" என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், ஒவ்வொன்றும் எப்படிச் சமைத்தது, எதனுடன் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னதால், படிக்கத் தெரியாத ஒருவரும் படிக்கத் தெரிந்தவருக்கு இணையாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அம்மா மீனைக் கேட்டார். பணிப்பெண் கையிலிருந்த இருக்கை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, "ரெண்டாவதா வேற எது ஓகேம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த இரண்டாவது கேள்வியின் காரணத்தை நான் அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. விமானத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை. தரையிலுள்ள சமையற்கூடத்தில் சமைத்து, குளிர வைத்து ஏற்றிய உணவை மேலே சூடாக்கித் தருகிறார்கள். எடையும் வீணாவதும் கருதி, ஒவ்வொரு பயணிக்கும் எல்லா வகையிலும் ஒன்று என்று ஏற்றுவதில்லை. எது எத்தனை போகும் என்று கணித்துத்தான் ஏற்றுகிறார்கள். ஆகவே கடைசியாகக் கேட்கப்படுபவருக்கு மீதி இருப்பதே கிடைக்கும். யாரிடம் முதலில் கேட்பது என்பதற்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் உண்டு. சில இடங்களில் அடிக்கடி பறக்கும் உயர்நிலை உறுப்பினர்களிடம் முதலில் கேட்கிறார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் இரட்டைப்படை எண் கொண்ட விமானங்களில் முன்வரிசையிலிருந்தும் ஒற்றைப்படை எண்ணில் பின்வரிசையிலிருந்தும் கேட்கும் வழக்கம் இருந்தது. இந்த ஒற்றை இரட்டை முறை எனக்கு நியாயமாகப் படுகிறது, ஏனெனில் ஒரே வரிசை எப்போதும் கடைசியாகத் தங்கிவிடுவதில்லை.

உணவு வந்தபோது அம்மா முதல் கவளத்திலேயே உப்பு குறைவு என்றார். பணிப்பெண் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், மேலே வந்தால் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டுப்படும், புளிப்பு அவ்வளவு மாறாது, அதனால்தான் புளி விட்ட குழம்பைத் தனியாக எடுத்துச் சொன்னேன் என்றார். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக நடத்திய சோதனையும் இதையே காட்டியது: விமானத்துக்குள் இருக்கும் குறைந்த காற்றழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்பையும் சர்க்கரையையும் நாம் உணரும் அளவு தெளிவாகக் குறைகிறது. காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற நிலை அது. இதை அறிந்து உணவைப் பரிந்துரைப்பவர் தன் தொழிலை அறிந்தவர். காசிமேட்டில் வாங்கிய சங்கராவைக் குழம்பு வைத்து விற்ற அம்மாவுக்கு, புளி நின்று பிடித்ததற்கான காரணம் கேட்டதும் முகம் மலர்ந்தது.

திரும்பி வந்த விமானத்தில் வேறு அனுபவம். அட்டையில் மூன்று வகை அச்சிட்டிருந்தது. அம்மா என்னிடம் படிக்கச் சொல்லி, ஆட்டிறைச்சியைத் தேர்ந்து காத்திருந்தார். முன்வரிசையிலிருந்து தொடங்கி எங்கள் வரிசைக்கு வந்தபோது, ஊழியர் நின்றபடியே, "பாஸ்தா மட்டும்தான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டை வைத்தார். அட்டையைக் கொடுத்ததே தேர்வுக்குத்தானே என்ற எண்ணம் எனக்கு வலித்தது. பற்றாக்குறை தவறன்று, அதைச் சொன்ன விதம்தான் தவறு. வருத்தம் ஒரு சொல்லில் தெரிவித்து, முன்னதாகவே வந்து கூறி, வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் அதே பாஸ்தாவை அம்மா மனம் கோணாமல் சாப்பிட்டிருப்பார். அவர் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, "எலை போட்டப்புறம் இல்லைன்னு சொல்லக்கூடாதுப்பா" என்றார். கடையில் குழம்பு தீரப் போகிறதென்றால், வாசலில் வருகிறவர் உட்காரும் முன்பே சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

இதில் என் பங்கும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற சில நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை முக்கிய உணவைப் பதிவு செய்துகொள்ள இடம் தருகின்றன. சைவம், ஹலால், சமணம், நீரிழிவுக்கு ஏற்றது என்று சிறப்பு உணவுகளையும் முன்கூட்டியே கேட்கலாம். அவை பயணியின் இருக்கை எண்ணுடன் குறித்து வருவதால் தீர்ந்துபோகும் கவலை இல்லை. அம்மாவே மேலே போய் அட்டையிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று நான் பதிவு செய்யாமல் விட்டேன். நீரிழிவுள்ள பெரியவரை அழைத்துச் செல்பவர் யாரும் அப்படி விட வேண்டாம் என்றே சொல்வேன்.

மீனம்பாக்கத்தில் இறங்கி மெட்ரோவில் உட்கார்ந்ததும் அம்மா கைப்பையிலிருந்து போகும்போது வாங்கிய உணவு அட்டையை எடுத்தார். அதன் பின்புறத்தில் அந்தப் பணிப்பெண்ணின் பெயரை என்னிடம் சொல்லி எழுத வைத்திருந்தார். "அந்தப் பொண்ணைப் பத்தி கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடு. முழங்கால் மடிச்சு உக்காந்து கேட்டுச்சுன்னு எழுது. முள் எடுத்ததுன்னு சொன்னதையும் எழுது" என்றார். வண்ணாரப்பேட்டை நிலையம் கடக்கும்போது கைப்பேசியிலேயே எழுதத் தொடங்கினேன். தண்டையார்பேட்டையில் இறங்குவதற்குள் அவர் சொன்ன இரண்டையும் எழுதி முடித்திருந்தேன்.